வில்லியனூர்க் கோழிகள்

சேசு மரி சூசை

பனித்திட்டு,
1938 சனவரி 20

அன்புள்ள அக்கா காசம்மாளுக்கு,

தங்கை அமுதம் எழுதுவது. நீயும் மரியதாஸ் மாமாவும் சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். நான் இருக்கிறேன். சுகம் என்றும் எழுதியிருக்கலாம். பொய் எழுதக் கூடாது என்று மடத்துப் பள்ளியில் நம் இரண்டு பேருக்கும் அடித்துச் சொல்லிக் கொடுத்தார்களே, அதனால் இருக்கிறேன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

என் வீட்டுக்காரர் கண்ணை மூடி ஆறு மாதம் ஆகிறது. போன வாரம் பாகூரிலிருந்து கொழுந்தன் வந்தார். "ஒண்டிப் பொம்பள இந்த மணல்ல இன்னா பண்ணப் போற அண்ணி? மனைய வுட்டுட்டு எங்க வூட்டுக்கு வந்துடு. மாட்டுக் கொட்டாய் பக்கத்துல ஒரு மூல ஒழிச்சுத் தர்றேன்" என்றார். அந்த மூலைக்குப் போனால் சாகிறவரை சாணி அள்ள வேண்டியதுதான். என் காலில் நான் நின்று காட்டுகிறேன், ஆடி வரைக்கும் பொறுங்கள் என்று கேட்டேன். சரி என்றார். ஆடிக்குள் ஒரு வழி தெரியாவிட்டால் இந்த வீடு எனக்கு இல்லை.

கோழி வளர்க்கலாம் என்று இருக்கிறேன். சிரிக்காதே. சின்ன வயதில் சேவலைக் கண்டு நான் மரமேறியதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவள் நீ. இன்றைக்கு வில்லியனூரில் முப்பது கோழி வைத்திருக்கிறவளும் நீதான். இங்கே மரம் கிடையாது. பத்து மணிக்கு மேல் மணலில் கால் வைக்க முடியாது. உப்புக் காற்று, உப்புத் தண்ணீர். "இந்த மணலுக்குக் கோயி தங்காது" என்கிறார்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள்.

உன் கோழியைக் கேட்கவில்லை, பயப்படாதே. கற்றுக்கொடு, போதும்.

உன் தங்கை,
அமுதம்


சேசு மரி சூசை

வில்லியனூர்,
1938 பிப்ரவரி 2

அன்புள்ள தங்கை அமுதத்துக்கு,

கடிதம் வந்தது. உன் மாமாவுக்கும் படித்துக் காட்டினேன். சிரித்துவிட்டு, பிறகு துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் சிரிக்க மட்டும்தான் சிரித்தேன்.

காது கொடுத்துக் கேள். கூட்டின் முதுகு கடலைப் பார்த்து இருக்க வேண்டும், வாசல் மேற்கே. காற்று வாங்கலாம் என்று ஆசைப்பட்டு வாசலைக் கிழக்கே வைத்தாயோ, கூடு முழுக்க மணல்தான். பனையோலை போடு, தகரம் போடாதே, வெந்துபோகும். மரம் இல்லாவிட்டால் ஓலைத் தட்டி கட்டி நிழல் உண்டாக்கு. உச்சி வெயிலில் கோழி வாயைப் பிளந்து இறக்கையைத் தொங்கப் போட்டால் தட்டிக்குக் கீழே மணலை நனைத்துவிடு, தானே வந்து படுத்துக்கொள்ளும். மண்சட்டியை நிழலில் கழுத்துவரை புதைத்து நல்ல தண்ணீர் ஊற்று. வெயில் காலத்தில் ஒரு பகலுக்கு மூன்று தரம் மாற்று. கோழி பசியைத் தாங்கும், தாகத்தைத் தாங்காது.

மினுக்கிக்கொண்டு இருக்கிற வெடைக்கோழியைப் பார்த்து மயங்காதே. இரண்டு ஈடு குஞ்சு பொரித்த கிழக்கோழியாக வாங்கு, அதற்கு வேலை தெரியும். அடை வைக்கும்போது முட்டை ஒற்றைப்படையாக இருக்கட்டும், ஒன்பதோ பதினொன்றோ. கூடையில் ஓர் இரும்புத் துண்டும் கரியும் காய்ந்த மிளகாயும் போடு, இடி இடித்தால் முட்டை கெட்டுக் கூழையாகாது. சித்திரை வெயிலில் அடை வைக்காதே. உப்புப் போட்ட மீன் தலையைக் கொட்டாதே, பச்சை மீன் கழிவு பரவாயில்லை.

கடுமையாக எழுதுகிறேன் என்று முகத்தைத் தூக்காதே. கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா?

உன் அக்கா,
காசம்மாள்


சேசு மரி சூசை

பனித்திட்டு,
1938 மார்ச்சு 14

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சொல்லியும் கேட்காமல் வாசலைக் கிழக்கே வைத்தேன். வைத்த மூன்றாம் நாள் அடித்த காற்றில் கூட்டுக்குள் முழங்கால் மணல். கோழி ஒரு மூலையில், நான் ஒரு மூலையில் தும்மிக்கொண்டு கிடந்தோம். பிரித்து மேற்கே திருப்பினேன். நீ எழுதியதை அதற்குப் பிறகு வேதம் மாதிரி வைத்திருக்கிறேன்.

பாகூர்ச் சந்தையில் இரண்டு கிழக்கோழியும் ஒரு சேவலும் வாங்கினேன். அடை வைத்த பதினொன்றில் எட்டு பொரித்தது. ஒன்றைப் பருந்து தூக்கிவிட்டது. இப்போது தலையில் முக்காடும் கையில் கோலுமாக நாள் முழுக்க வானத்தையே பார்த்துக்கொண்டு திரிகிறேன். ஊர் பிள்ளைகள் எனக்குப் பருந்தக்கா என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

இன்னொரு சங்கதி. நான் வளர்க்கிறதைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டு மணியம்மாள் தன் கோழியை என்னிடம் வாரத்துக்கு விட்டாள். அவள் கோழி, என் பாடு, குஞ்சு ஆளுக்குப் பாதி. அவளைப் பார்த்து ருக்குமணி, அப்புறம் அந்த வரிசையே. ஆறு வீட்டுக் கோழி பன்னிரண்டு என்னிடம் இருக்கிறது. என்னுடையது குஞ்சோடு சேர்த்துப் பத்து.

கோழியோடு மணியம்மாள் ஒரு சேவலையும் கொண்டுவந்தாள். அவள் மகன் தைப் புயலில் சிக்கி உயிரோடு கரை சேர்ந்ததற்காக வீராம்பட்டினத்துச் செங்கழுநீர் அம்மனுக்கு நேர்ந்து விட்ட சேவல். ஆடித் தேருக்குக் கொண்டுபோக வேண்டும். "எங்க வூட்டாண்ட நாய்த் தொல்லடி. நீ வேதக்காரியா இருந்தா இன்னா, கண்ணுல வெச்சிப் பாத்துக்குவே" என்று என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அக்கா, அவர் போன பிறகு ஒருவர் என்னை நம்பி ஒன்றைக் கொடுப்பது இதுதான் முதல் தரம்.

கொழுந்தன் நேற்று வந்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "பரவால்லியே அண்ணி" என்று சொல்லிவிட்டு நாலு முட்டையை மடியில் கட்டிக்கொண்டு போனார். இப்படியே போனால் ஆடி எனக்குப் பயமில்லை.

உன் தங்கை,
அமுதம்


சேசு மரி சூசை

வில்லியனூர்,
1938 ஏப்ரல் 3

அன்புள்ள அமுதத்துக்கு,

இந்தக் கடிதத்தை மாமா கையில் கொடுத்து அனுப்புகிறேன். கூடவே எட்டுக் கோழி வருகிறது. எல்லாம் என் வளர்ப்பு, நல்ல சாதி. உனக்குத்தான். வாரம் மாதிரியே இருக்கட்டும், குஞ்சில் பாதி எனக்கு.

திடீரென்று என்ன என்று கேட்காதே. தவசு காலம், இங்கே வீட்டில் யாரும் கோழியைத் தொடமாட்டோம், கூடும் நெருக்கடியாக இருக்கிறது. அக்கா கொடுத்தால் வாங்கிக்கொள். வண்டியில் வந்த களைப்பு இருக்கும். தண்ணீர் காட்டிவிட்டு உன் கோழிகளோடு விட்டுவிடு.

காசம்மாள்


சேசு மரி சூசை

பனித்திட்டு,
1938 ஏப்ரல் 7

அன்புள்ள அக்காவுக்கு,

எட்டும் வந்து சேர்ந்தன. மாமா உள்ளே வரவில்லை. ஒரு வாய் மோர்கூடக் குடிக்கவில்லை. வேலியோரம் கூடையை இறக்கிவிட்டு, வெயில் ஏறுவதற்குள் திரும்ப வேண்டும் என்று மாட்டை விரட்டிக்கொண்டு போய்விட்டார். அவருக்கு என்மேல் ஏதாவது வருத்தமா?

உண்மையைச் சொல்கிறேன், கூடையைத் திறந்துவிட்டு உட்கார்ந்து அழுதேன். ஒரு வெல்லக் கட்டியை எனக்குக் கொடுக்க மனம் வராமல் எச்சில் பண்ணி வைத்துக்கொண்டவளாயிற்றே நீ. எட்டுக் கோழியைக் கேட்காமலே அனுப்பிவிட்டாய். இத்தனை நாள் உன்னைக் கஞ்சப்பிசினாறி என்று மனத்துக்குள் திட்டியதற்கெல்லாம் மன்னித்துக்கொள். எங்க அக்கா அனுப்பியது என்று தெருவெல்லாம் காட்டினேன்.

ஒரு சந்தேகம். அதில் செவலைக் கோழி வந்ததிலிருந்து தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறது. இரை எடுக்கவில்லை. இன்று காலையில் பச்சையும் வெள்ளையுமாகக் கழிகிறது. களைப்புதானா? தனியாகப் பிரித்து வைக்கட்டுமா? மற்றவர்கள் கோழியும் அம்மன் சேவலும் இங்கே இருப்பதால் பயமாக இருக்கிறது. உடனே எழுது.

உன் தங்கை,
அமுதம்


சேசு மரி சூசை

வில்லியனூர்,
1938 ஏப்ரல் 11

அன்புள்ள அமுதத்துக்கு,

நான் அனுப்பும்போது எட்டும் கல்லு மாதிரி இருந்தன. நீ உப்புப் போட்ட மீன் தலையைக் கொட்டியிருப்பாய். எங்கள் கோழி வயல் இரை தின்று பழகியது, அந்த உப்பு எப்படி ஒத்துக்கொள்ளும்? தலைப்பாடாக அடித்துக்கொண்டேன், உப்பு கொடுக்காதே என்று. சின்ன வெங்காயமும் மிளகும் நசுக்கி மோரில் கலந்து கொடு.

பிரித்து வைக்க வேண்டாம். தனியாக விட்டால் ஏங்கிப் போய்விடும். எடுத்ததற்கெல்லாம் பயந்தால் கோழி வளர்க்க முடியாது. உனக்குக் கை பழகவில்லை, அவ்வளவுதான்.

பெரிய வெள்ளிக்கு உபவாசம் இருக்க மறந்துவிடாதே.

காசம்மாள்


பனித்திட்டு,
1938 மே 2

அக்காவுக்கு,

உன் பதில் வரும்வரை செவலையைத் தனியாகக் கட்டியிருந்தேன்; நீ சொன்னபடி மற்றதோடு விட்டேன். அது மறுநாள் செத்தது. பிறகு உன் மற்ற ஏழும் ஒவ்வொன்றாக. கழுத்து திருகிக்கொண்டு, வாயைத் திறந்து திறந்து மூச்சுக்குத் தவித்துச் செத்தன. அதோடு நின்றிருந்தால் என் தலையெழுத்து என்று இருந்திருப்பேன். உயிர்த்த ஞாயிறு அன்று நான் பூசைக்குப் போய்த் திரும்பியபோது கூட்டில் ஒன்பது கிடந்தன. அந்த வாரத்துக்குள் மணியம்மாள், ருக்குமணி, மற்ற நாலு வீட்டுக்காரர்கள் கொடுத்த பன்னிரண்டில் பதினொன்று போய்விட்டது. என்னுடையதில் நாலு தப்பியது.

அம்மன் சேவலும் போய்விட்டது. அதை இரண்டு நாள் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மணியம்மாள் வந்து பார்த்தாள். என்னை அடித்திருந்தால்கூடத் தேவலை. "அம்மன் சேவலடி அது. எம் புள்ள தெனம் கடல்ல கெடக்கறான். நான் யாராண்ட போயி இன்னா சொல்லுவேன்?" என்று மணலில் உட்கார்ந்துவிட்டாள். வேதக்காரி வேண்டுமென்றே அம்மன் சேவலைக் கொன்றுவிட்டாள் என்று ஊரில் பேச்சு. கிணற்றடியில் நான் போனால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு போகிறார்கள். இந்தப் பேச்சு பாகூருக்கும் போய்விட்டது. கொழுந்தன் வந்து, "ஆடி வரிக்கும் வாணாம் அண்ணி. ஊரே காறித் துப்புது. வர்ற மாசம் வண்டி கொண்டாரேன், மூட்டையக் கட்டி வையி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நீ எழுதினாயே, எனக்குக் கை பழகவில்லை என்று. அதையே நம்பினேன். நான்தான் உப்பு கொடுத்துக் கொன்றேன் என்று சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம்கூடச் செய்தேன்.

நேற்று ருக்குமணி உங்கள் ஊர் மாதா திருவிழாவில் கருவாடு விற்றுவிட்டுத் திரும்பினாள். என்னோடு பேசாமல் இருந்தவள் நேராக என் வாசலுக்கு வந்தாள். "ஒங்க அக்கா தெருவுல பங்குனி பொறந்தப்பவே கோயிங்களுக்குக் கழிச்சல் வந்து கொத்துக் கொத்தா செத்துச்சாம். ஒங்க அக்கா வூட்டுல மட்டும் இருவதுக்கு மேல போச்சாம். ஒனக்குத் தெரியுமா, தெரியாதா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். அவள் நம்பவில்லை.

நீ கோழி அனுப்பியது பங்குனி இருபது தேதிக்கு மேல். ஒன்றே ஒன்று கேட்கிறேன். அனுப்பும்போது உனக்குத் தெரியுமா?

அமுதம்


சேசு மரி சூசை

வில்லியனூர்,
1938 மே 12

என் தங்கை அமுதத்துக்கு,

ஒரு வாரமாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். படித்ததும் இதை அடுப்பில் போட்டுவிடு.

தெரியும்.

முப்பதில் இருபத்திரண்டு கண் முன்னால் போய்விட்டது. நின்றது எட்டு. ஊரில் கழிச்சல் வந்தால் மிச்சத்தை வேற்றூரில் விடுவது இங்கே எல்லாரும் செய்கிற காரியம். காற்று மாறினால் பிழைக்கும் என்பார்கள். எதிர் வீட்டுக்காரி திருபுவனைக்கு அனுப்பினாள், பின்வீட்டுக்காரி கூடப்பாக்கத்துக்கு அனுப்பினாள். எனக்கு வேற்றூரில் யார் இருக்கிறார்கள், நீதானே? கடல் காற்றில் சீக்கு போய்விடும் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். மாமா வேண்டாம் என்றார். அவளிடம் சொல்லியாவது அனுப்பு என்றார். சொன்னால் நீ வாங்கமாட்டாய். அதனால்தான் அவர் உன் முகத்தைப் பார்க்காமல் திரும்பினார். இன்றுவரை என்னோடும் சரியாகப் பேசவில்லை.

செவலையைப் பிரித்து வைக்கட்டுமா என்று நீ எழுதியதை இரண்டு தரம் படித்தேன். பிரித்து வை என்று எழுதினால் ஏன் என்று கேட்பாய். கழிச்சல் என்று தெரிந்துவிடும். மூடி மறைக்கப் போய் உன்மேலேயே பழியைப் போட்டுவிட்டேன். உன் கோழிக்கு வராமலே போகலாம் என்று ஒரு நப்பாசையும் இருந்தது.

அந்த மனைக்காக நீ படுகிற பாடு எனக்குத் தெரியாதா? அங்கே இருக்க முடியாவிட்டால் இங்கே வந்துவிடு. நான் உன்னைச் சாணி அள்ள விடமாட்டேன். இந்தத் தெருவிலும் மாதா கோவிலிலும் எனக்கு ஒரு பெயர் இருக்கிறது அமுதம். உன் காலில் விழுகிறேன், இது நம் இரண்டு பேரோடு போகட்டும்.

உன்னுடையதில் நாலு தப்பியது என்று எழுதியிருந்தாய். கழிச்சலில் தப்பிய கோழி கெட்டி. இங்கே கூடு காலியாகக் கிடக்கிறது. முடிந்தால் ஒரு சோடி கொடுத்து அனுப்பு.

உன் அக்கா,
காசம்மாள்


பனித்திட்டு,
1938 சூன் 12

காசம்மாளுக்கு,

உன் கடிதத்தை அடுப்பில் போடவில்லை.

இரண்டு நாள் மடியிலேயே முடிந்து வைத்திருந்தேன். உன்னைக் காப்பாற்றினால் நான் போக வேண்டும், நான் நின்றால் உன் பெயர் போகும். நீ காலில் விழுகிறேன் என்று எழுதியிருந்ததைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மூன்றாம் நாள் வண்டி வந்து நின்றது. கொழுந்தன் என் பானை சட்டியை எடுத்து ஏற்ற ஆரம்பித்தார். மணியம்மாளும் மற்ற ஐந்து வீட்டுக்காரர்களும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். போய்த் தொலையட்டும் என்று ஒருத்தி சொன்னது என் காதில் விழுந்தது.

நான் வண்டிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு உன் கடிதத்தை உரக்கப் படித்தேன். தெரியும் என்கிற இடத்திலிருந்து முடிகிற வரைக்கும் ஒரு வரி விடாமல். ஒரு சோடி கேட்டிருந்தாயே, அதையும்தான். அந்த இடம் வந்ததும் ருக்குமணி சிரித்துவிட்டாள். வேறு யாரும் சிரிக்கவில்லை. மணியம்மாள் கிட்டே வந்து, எழுத்துத் தெரியாவிட்டாலும் கடிதத்தை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தாள். "ஒங்கூடப் பொறந்தவளா?" என்று கேட்டாள். ஆமாம், ஒரே வயிறு என்றேன். "சொந்த அக்காளே இப்பிடிப் பண்ணா நீ இன்னாடி பண்ணுவே" என்று சொல்லிவிட்டு வண்டியிலிருந்து என் அரிசிப் பானையை அவளே கீழே இறக்கினாள். மற்றதை மற்றவர்கள் இறக்கினார்கள். கொழுந்தன் வெறும் வண்டியை ஓட்டிக்கொண்டு போனார்.

என்னிடம் தப்பிய நாலில் ஒரு சேவல் இருந்தது. அதை அம்மன் சேவலுக்குப் பதிலாக மணியம்மாளிடம் கொடுத்துவிட்டேன். பூசாரியிடம் கேட்டு, மஞ்சள் தண்ணீர் தெளித்து ஏற்றுக்கொண்டார்கள். மிச்சம் மூன்றையும் அனுப்பமாட்டேன். உன் வீட்டுக்கும் வரமாட்டேன்.

நீ கோழியை அனுப்பியதைக்கூட நான் மறந்துவிடுவேன். ஊரே செய்கிறது, நீயும் செய்தாய். உன் முப்பது போனால் உனக்கு எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரியும். ஆனால் பிரித்து வைக்கட்டுமா என்று நான் கேட்டேன். கேட்டேனே. அன்றைக்கு நீ ஆமாம் என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் ஊராரின் பதினொன்று பிழைத்திருக்கலாம், அந்தச் சேவல் பிழைத்திருக்கலாம். என் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு, யோசித்து, வேண்டாம் என்று எழுதினாய். நான் அதைப் படித்துவிட்டு, எங்க அக்காவுக்குத் தெரியாததா என்று செவலையைத் தூக்கி மற்றதோடு விட்டேன். என் கையால் விட்டேன். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இந்த வாரம் பழையபடி நாலு வீட்டுக்காரர்கள் வாரத்துக்குக் கோழி கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். வந்தவுடன் பத்து நாள் தனிக் கூட்டில் வைத்துப் பார்த்துத்தான் சேர்க்கிறேன். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. கோழியைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் ஒவ்வொருத்தியும் ஒன்று கேட்டாள்.

"ஒங்க அக்கா வூட்டுக் கோயி எதுவும் இங்க இல்லியே?"

இல்லை என்றேன். எனக்கு அக்காவே இல்லை என்று சொல்லியிருந்தால் இன்னும் நம்பியிருப்பார்கள். நாலு தரமும் அது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்ல முடியவில்லை.

அமுதம்